ஆஃபர் லெட்டர்: மூலமும் உரையும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் நிலப் பத்திரத்துக்கு அடுத்தபடி பத்திரமாக வைக்கப்படும் காகிதம் இன்று பிள்ளையின் ஆஃபர் லெட்டர். ஆனால் பத்திரத்தைப் படிக்கும் கவனம் அதற்குக் கிடைப்பதில்லை. நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், நான்கெல்லையை நடந்து பார்க்கிறோம், வக்கீலிடம் ஒருமுறை காட்டுகிறோம். ஆஃபர் லெட்டரில் சம்பளம் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, செல்போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கூடுதல் சம்பளத்துக்காக ஐ.டி. வேலையை மாற்றுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் சம்பளம் பாதிதான். எப்போது, என்ன விலை கொடுத்து வெளியேறலாம் என்பது மறுபாதி. அந்த மறுபாதிதான் அடுத்த சம்பளத்தை நிர்ணயிக்கிறது. வெளியேற முடியாதவனுக்குக் கூலி உயராது என்பதைக் காவிரிப் படுகை போலத் தெரிந்துகொண்ட மண் தமிழ்நாட்டில் வேறில்லை. அதனால்தான் இந்த உரையை இங்கிருந்து எழுதுகிறேன்.

கீழே மூலமாகத் தருவது எந்த ஒரு நிறுவனத்தின் கடிதமும் அல்ல. இத்துறையின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனைகளை என் தமிழில் வரிசைப்படுத்தியிருக்கிறேன். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. ஒன்பது லட்சத்தில் இருக்கும் ஒருவருக்குப் பதினாலு லட்சத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று கொள்வோம். அலுவலகப் பேச்சில் சொன்னால், ஐம்பது பர்சென்டுக்கு மேல் ஹைக்.

“தங்களின் ஆண்டு மொத்த ஊதியம் ரூ. 14,00,000. பிரிவுவாரி விவரம் இணைப்பில் உள்ளது.”

வீட்டில் உடனே பன்னிரண்டால் வகுப்பார்கள். 1,16,667 வரும். “மாசம் லட்சத்துக்கு மேல” என்ற செய்தி தெருக்கோடி வரை போய்விடும். இணைப்பைத் திறந்தால் கணக்கு வேறு. அடிப்படைச் சம்பளம் சரிபாதி, 7,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 விழுக்காடு நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, 84,000. கிராஜுவிட்டி என்று 4.81 விழுக்காடு, 33,670. வேரியபிள் 1,40,000. குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000. இவை போக மீதி 11,30,330, அதாவது மாதம் 94,194. ஊழியரின் சொந்த பி.எஃப். பங்கு 7,000 அதிலிருந்து கழிந்தால் 87,194. தொழில்வரியும் வருமான வரியும் இனிமேல்தான் கழியும். சில நிறுவனங்கள் பி.எஃப்.ஐ 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடிப்பார்கள். அங்கே கையில் வருவது கூடும், சேமிப்பு குறையும்.

ஆகவே பழைய வேலையையும் புதியதையும் மொத்த ஊதியத்தை வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டிலும் கையில் வருவதை ஒப்பிட வேண்டும். பி.எஃப். பிடித்தம் நஷ்டமல்ல, அது அவர் பெயரிலேயே சேர்கிறது. நிறுவனத்தின் பங்கிலிருந்து, உச்சவரம்புக்குட்பட்ட ஊதியத்தின் 8.33 விழுக்காடு, அதாவது உச்சமாக மாதம் 1,250 ரூபாய், 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. சாகுபடியை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பென்ஷன் கணக்கு என்று ஒன்று வருவது பெரும்பாலும் இந்தத் தலைமுறையில்தான். அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கம்பெனி மாறும்போது அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணின் கீழ் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பென்ஷனுக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். மாற்றினால் ஆண்டுகள் தொடர்கின்றன, எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகின்றன.

“வேரியபிள் ஊதியம் நிறுவனத்தின் செயல்பாட்டையும் தங்கள் செயல்பாட்டையும் பொறுத்து, நிர்வாகத்தின் விருப்புரிமைப்படி வழங்கப்படும்.”

இதற்கு நீண்ட உரை தேவையில்லை. விருப்புரிமை என்று எழுதியிருந்தால் அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். வந்தால் வரட்டும். வீட்டுக் கடன் தவணையை அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

“கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும், முந்தைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரையும் சமர்ப்பிக்க வேண்டும்.”

சம்பளச் சீட்டு கேட்பது வெறும் சரிபார்ப்பு போலத் தெரியும். புதிய வேலைக்கு என்ன மதிப்பு என்று கணக்கிடாமல், பழைய சம்பளத்தின் மேல் இத்தனை விழுக்காடு என்று முடிவு செய்வதற்கு அதுதான் கருவி. முதல் வேலையில் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தவர் பத்து வருடம் கழித்தும் அதே குறைவைச் சுமக்கிறார். கும்பகோணத்துக் கல்லூரியில் படித்து மூன்றரை லட்சத்தில் சேர்ந்தவரும், பெரிய கல்வி நிலையத்திலிருந்து பன்னிரண்டு லட்சத்தில் சேர்ந்தவரும் ஐந்து வருடம் ஒரே வேலையைச் செய்த பிறகும் இடைவெளி அப்படியே நிற்பதற்கு இது பெரிய காரணம். கலிஃபோர்னியா மாநிலம் 2018 ஜனவரி முதல் பழைய சம்பளத்தைக் கேட்பதையே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியும் அதையே சொல்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. இங்கேயும் அது வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலை மாறுபவர்களை விசுவாசமில்லாதவர்கள் என்று பேசுவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். உள்ளேயே இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒற்றை இலக்க விழுக்காட்டில் உயர்வு, வெளியிலிருந்து அதே நாற்காலிக்கு வருபவருக்குச் சந்தை விலை என்ற ஏற்பாட்டைச் செய்தது ஊழியர் அல்ல. புதிதாகச் சேரும் பட்டதாரிக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் மூன்று, மூன்றரை லட்சம் பத்தாண்டுக்கு மேலாகக் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் ஊழியர் வெளியேற்ற விகிதம் 28.4 விழுக்காடு. அதற்கடுத்த காலாண்டில் டி.சி.எஸ்.ஸில் 21.5. பெருந்தொற்றுக்குப் பின் உலகமே மென்பொருள் வேலை கேட்ட நேரத்தில், வெளியே போனால்தான் சம்பளம் கூடும் என்று லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் கண்டுகொண்டதன் கணக்கு அது.

“தங்கள் பணியிடம் பெங்களூரு. நிறுவனம் தன் தேவைக்கேற்பத் தங்களை எந்தக் கிளைக்கும் மாற்றலாம். வீட்டிலிருந்து பணிபுரிதல் உரிமை அல்ல.”

2020 முதல் 2022 வரை டெல்டாவின் எத்தனையோ வீடுகளில் திண்ணையும் மாடி அறையும் அலுவலகமாக இருந்தன. அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். குறுவை அறுப்புக்கு லீவு போடாமலே வயலை எட்டிப் பார்க்க முடிந்தது. அதன்பின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்தன. டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. மேலே கண்ட கடைசி வாக்கியம் அந்த அனுபவத்துக்குப் பிறகு பல கடிதங்களில் இடம்பிடித்தது. இன்டர்வியூவில் யாராவது “ஹைபிரிட்தான், கவலைப்படாதீங்க” என்று வாயால் சொல்லியிருந்தால், கடிதத்தில் இல்லாதவரை அது இல்லை.

ஊரிலேயே வேலை என்ற வாய்ப்பும் இப்போது இருக்கிறது. திருச்சி நவல்பட்டில் எல்காட் பூங்கா. தஞ்சாவூர் மேலவஸ்தாச்சாவடியில் 55,000 சதுர அடியில் டைடல் நியோ பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இவை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் “ஊர்ல செலவு கம்மி, அதனால சம்பளமும் கம்மி” என்று சொல்லப்படும் காரணத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. எழுதப்படும் நிரல் மேலவஸ்தாச்சாவடியில் எழுதினாலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எழுதினாலும் வாடிக்கையாளருக்கு ஒரே விலைக்குத்தான் போகிறது. ஊரில் சம்பளம் குறைவதற்கு முக்கியக் காரணம் வாடகை அல்ல. பிடிக்கவில்லை என்றால் நடந்து போய்ச் சேர இன்னொரு கம்பெனி அங்கே இல்லை. பெங்களூரில் எதிர்க் கட்டடத்திலேயே இருக்கிறது. வேலை கொடுப்பவர் ஒருவரே இருக்கும் சந்தையில் கூலி எப்படித் தாழும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933இல் எழுதிய நூலில் விளக்கினார். அவர் எழுதும் முன்பே தஞ்சை ஜில்லாவின் சேரிகளில் அது தெரிந்திருந்தது.

“சேரும்போது ஊக்கத்தொகையாக ரூ. 1,00,000 வழங்கப்படும். 12 மாதங்களுக்குள் விலகினால் முழுத்தொகையையும் திருப்பிச் செலுத்த வேண்டும்.”

இந்த வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பணம் முதலில், கட்டு பிறகு. இந்த அமைப்புக்கு டெல்டாவில் நீண்ட வரலாறு உண்டு.

ஆங்கில ஆட்சி 1843இல் சட்டம் போட்டு அடிமை முறையின் பிடியைத் தளர்த்தியது. தஞ்சை ஜில்லாவில் அதன்பிறகும் பண்ணையாள் மிராசுதாரை விட்டுப் போக முடியவில்லை. பிடித்து வைத்தது கடன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய நெல்லும் பணமும் தலைமுறை தாண்டி நின்றன. இன்னொரு மிராசுதாரிடம் போக வேண்டுமானால் அவர் பழைய கடனை அடைக்க வேண்டும். அடைத்தவரிடம் அதே கடன் புதிதாகத் தொடங்கும். குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது, வேலையை விட்டால் வீடும் போகும். இதை உடைத்துக்கொண்டு போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். அங்கே தோட்டத்தில் வாழ்வு இனித்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் போனார்கள்.

போகாமல் இங்கே நின்றவர்கள் சங்கம் கட்டினார்கள். பி. சீனிவாசராவ் போன்ற சங்கத் தலைவர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். 1944 மன்னார்குடி ஒப்பந்தம் சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனையையும் சவுக்கடியையும் நிறுத்தியது. 1952இல் ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமாகவும் பின்பு சட்டமாகவும் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. கூலி நெல்லளவாக நிர்ணயிக்கப்பட்டது, நினைத்தபோது விரட்டுவதற்குத் தடை வந்தது. பல மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே விட்டுவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னணியில் இருந்ததும் நெல் கூலிக் கோரிக்கை. அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தமானது. கூலி பற்றிய சட்டங்களைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். எனக்குக் குடியிருப்புச் சட்டமும் அதே அளவு பெரிதாகத் தெரிகிறது. வேலையை விட்டாலும் வீடு போகாது என்ற நிலை வந்தபோதுதான் பேரம் பேச நிற்க ஓரடி நிலம் கிடைத்தது.

ஐ.டி. ஊழியர் பண்ணையாள் அல்ல. சாதியும் சவுக்கும் இல்லாத இடத்தில் அந்தப் பெயரைச் சொல்வது, அதை அனுபவித்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் முன்பணத்தால் ஆளைக் கட்டுவது, வெளியேறும் செலவைக் கூட்டிக் கூலியை அடக்குவது, புதிய முதலாளி பழையவருக்குப் பணம் கட்டி ஆளை எடுப்பது என்ற பொறியமைப்பைப் புரிந்துகொள்ள அந்த வரலாறு நமக்கு உதவுகிறது. அமெரிக்காவில் ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அங்கே போயிருப்பவர்கள் சம்பளம் பற்றிப் பேசத் தயங்குவதைக் கண்டால், குடியிருக்கும் மனை யார் கையில் இருக்கிறது என்ற கேள்விதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி நிபந்தனைக்கு வருவோம். ஒரு லட்சம் கொடுக்கும்போது வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். திருப்பிக் கேட்கும்போது பல கடிதங்கள் முழு லட்சத்தையும் கேட்கின்றன. பதினோராவது மாதம் விலகினாலும் முழுத் தொகை. இரண்டையும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும், கையில் வந்த தொகையை மட்டுமே திருப்ப வேண்டும். அதுவரை அந்தப் பணத்தைத் தொடாமல் வங்கியில் வைத்திருப்பது நல்லது.

“தங்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியை முன்னிட்டு, 24 மாதங்கள் பணிபுரிய ஒப்புக்கொள்கிறீர்கள். தவறினால் ரூ. 2,00,000 செலுத்த வேண்டும்.”

இதுதான் பாண்டு. “கோர்ட்ல செல்லாது, தைரியமாப் போடு” என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த அறிவுரை இப்போது ஆபத்தானது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுக்குள் வங்கியை விட்டு வேறு வங்கிக்குப் போன அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி திறந்த போட்டியில் ஆளெடுக்கச் செய்யும் செலவையும், விலகியதால் வந்த பாதிப்பையும் கணக்கில் எடுத்தது. பணிக்காலத்துக்குள் விதிக்கும் கட்டுப்பாடு தொழில் தடையாகாது என்ற நிலைப்பாடு 1967ஆம் ஆண்டு செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கிலிருந்தே வருகிறது.

ஆனால் எந்தத் தொகையும் செல்லும் என்று அதற்குப் பொருளில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்க்கும். இரண்டு வாரம் வீடியோ பார்க்கச் சொல்லிவிட்டு ஐந்து லட்சம் கேட்கும் கம்பெனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தீர வேண்டும். அசல் சான்றிதழ்களை ஈடாகக் கேட்கும் சிறு நிறுவனங்களும் உண்டு. ஒருபோதும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அவர்கள் பீரோவில் இருக்கும்வரை நீங்கள் எந்தப் பேரமும் பேச முடியாது.

“தாங்கள் விலக விரும்பினால் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நிறுவனம் விரும்பினால் மட்டுமே அதற்கு ஈடாகப் பணம் ஏற்கப்படும்.”

பதினாலு லட்சத்தைவிட முக்கியமான வரி இது. முன்பு முப்பது நாளாக இருந்த நோட்டீஸ் பீரியட் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் தொண்ணூறு ஆகிவிட்டது. நல்ல வேலை இருக்கிறது என்று கூப்பிடும் இடம் முப்பது நாளில் சேரச் சொல்லும். தொண்ணூறு என்றதும் அடுத்த ஆளைப் பார்க்கும். இப்படியாகச் சம்பளத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமலே ஒருவருடைய சந்தை மதிப்பைக் குறைத்துவிட முடிகிறது. புதிய கம்பெனி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி ஆளை எடுப்பதைத் துறையில் ‘பைஅவுட்’ என்பார்கள். அதை அந்தக் கம்பெனியே தன்னுடைய ஒரு வருட ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தரும். மிராசுதார் அடைத்த கடனைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்.

தொண்ணூறு நாள் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பேப்பர் போட்டவர், அதாவது ராஜினாமா கொடுத்தவர், அந்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு ஆஃபர் வாங்குகிறார். நிறுவனங்களும் சொல் மாறுகின்றன. 2022இல் ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம் விப்ரோ 2023 பிப்ரவரியில் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. 2022ஆம் ஆண்டுப் பட்டதாரிகள் பலரை இன்ஃபோசிஸ் ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருக்க வைத்தது. புதியவர்களுக்கே இப்படியென்றால், இருக்கும் வேலையை விட்டுவிட்டு வருபவர் நிலை இன்னும் கடினம். கையெழுத்தான கடிதம், சேரும் தேதி, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நிலை மூன்றும் தெரியாமல் பேப்பர் போடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒருவரை விருப்பமில்லாமல் வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. நோட்டீஸ் குறைந்தால் நிறுவனம் கேட்கக் கூடியது பணம் மட்டுமே. உண்மையில் பிடித்து வைப்பது ரிலீவிங் லெட்டரும் கடைசிக் கணக்கும்தான். அந்தக் கணக்கில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று இழுத்தவர்கள் இனி அந்தப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“விலகிய பின் ஆறு மாதங்களுக்குப் போட்டி நிறுவனங்களிலோ, இதே வாடிக்கையாளருக்காகவோ பணிபுரியக் கூடாது.”

பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டை அந்த அளவுக்குச் செல்லாததாக்குகிறது. பணிக்காலம் முடிந்த பிறகு இது நிற்காது என்பதை 1980இல் சூப்பரின்டென்டென்ஸ் கம்பெனி வழக்கும், 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கும் உறுதி செய்தன. 2022இல் இன்ஃபோசிஸ் கடிதத்தில் இத்தகைய நிபந்தனை இருப்பதாகப் புனேயின் நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு புகார் செய்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் கேட்டது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய காலனியச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் இன்றைய ஊழியருக்கு நல்ல அரண். ஆனாலும் அந்த வரி கடிதங்களில் தொடர்கிறது. படிப்பவர் பயந்து ஒதுங்கினாலே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

பழைய நிறுவனத்தின் நிரலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ பென்டிரைவில் எடுத்துப் போவது வேறு விஷயம். ரகசியக் காப்பு நிபந்தனை விலகிய பிறகும் செல்லும். அதை மீறக் கூடாது.

“கிராஜுவிட்டி நடைமுறையிலுள்ள சட்டப்படி வழங்கப்படும்.”

முதல் நிபந்தனையில் கணக்கிட்ட 33,670 இங்கே வருகிறது. கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பதினைந்து நாள், மாதத்தை 26 நாளாகக் கொண்டு, சேவை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும். அந்த 4.81 விழுக்காடு இப்படித்தான் வருகிறது. 1972 சட்டம் இதற்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி கேட்டது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டு போதும், நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு தொடர்கிறது. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுவிட்ச் பண்ணுபவருக்கு இதன் பொருள் என்ன? பதினாலு லட்சத்தில் சேர்த்துக் காட்டிய அந்தப் பணம் அவர் கைக்கு வராது. இரண்டு வருடத்துக்கு 67,340. வராத பணத்தை மொத்த ஊதியத்தில் காட்டுவதை நான் நேர்மையான செயலாகக் கருதவில்லை. மறுபுறம், நான்கரை வருடம் முடித்தவர் ஒரு சிறு ஹைக்குக்காக அவசரமாகப் பேப்பர் போடும் முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். சில மாதம் பொறுத்தால் ஐந்து வருடக் கிராஜுவிட்டி மொத்தமாகக் கைக்கு வரும்.

“நிறுவனம் 30 நாள் முன்னறிவிப்போடோ, அதற்கீடான ஊதியத்தோடோ தங்கள் பணியை முடிவுக்குக் கொண்டுவரலாம்.”

நீங்கள் போக 90, அவர்கள் அனுப்ப 30. பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருந்தும் பலர் இதைக் கவனிப்பதில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் இரண்டு விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,000 பேரை, அந்த நிதியாண்டில் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களைத்தான் அது அதிகம் தொடும் என்றார்கள். பதினைந்து வருடம் ஒரே இடத்தில் இருந்து, ஒரே வாடிக்கையாளரின் ஒரே மென்பொருளை மட்டும் கற்றிருந்தவருக்கு அது எப்படி இடித்திருக்கும் என்று யோசித்தால், காலாகாலத்தில் வேலை மாறியவர்களைக் குறைசொல்ல மனம் வராது. தமிழ்நாட்டில் ஐ.டி. நிறுவனங்கள் அன்றிருந்த தொழில் தகராறு சட்டத்துக்கு விலக்கல்ல, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதை மாநில அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. மன்னார்குடி ஒப்பந்தம் தனி ஆளால் வந்ததல்ல. தொண்ணூறை முப்பதாக்குவதும் ஒருவர் கேட்டு நடக்காது.

“இக்கடிதத்தை ஏற்பதாயின் 48 மணி நேரத்துக்குள் கையொப்பமிட்டு அனுப்பவும்.”

இது பெரும்பாலும் அவசரப்படுத்தத்தான். படிக்க இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டால் பொதுவாகத் தருகிறார்கள். அதே மெயிலில் மாற்றங்களையும் கேளுங்கள். நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒரே அளவாக, அறுபது நாளோ முப்பதோ இருக்கட்டும். பணம் கட்டி முன்னதாக விலகும் உரிமை ஊழியருக்கும் வேண்டும். ஊக்கத்தொகை மாதவாரியாகக் கழியட்டும். வேரியபிளில் கொஞ்சம் நிலையான சம்பளத்துக்கு மாறட்டும். எல்லாம் கிடைக்காது. ஒன்று கிடைத்தாலும் அது அடுத்த முறை வேலை மாறும்போது உங்கள் பக்கம் நிற்கும். ஹெச்.ஆர். போனில் “பண்ணிடலாம்” என்றால், அன்றே அதை எழுதி ஒரு மெயில் அனுப்பி, பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போனில் பேசியவர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கக்கூடும்.